பி.எட்., எம்.எஸ்.டபிள்யூ. கல்லூரிகளில் தலைமைக்கு வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

ஓமலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவரின் கேள்வி இது: "அண்ணன் அமெரிக்காவில் படிக்கிறான். அங்கே ஆசிரியர் கல்வி, சமூகப்பணி, ஆலோசனை, சிறப்புக் கல்வி எல்லாவற்றையும் சேர்த்து 'கல்வி, மனித சேவைகள்' என்று ஒரே புலமாக வைத்திருக்கிறார்கள். அதன் தலைவர்களைப் பற்றிய குறிப்பில் இவர் இத்தனை வருடம் பள்ளி முதல்வர், அவர் மருத்துவமனையில் சமூகப்பணியாளர் என்று முதல் வரியிலேயே இருக்கிறது. தங்கைக்கு பி.எட்., எனக்குச் சமூகப்பணியில் முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. என்று சேலத்தைச் சுற்றியே கல்லூரி தேடுகிறோம். இங்கே முதல்வர், துறைத்தலைவர் பெயருக்குப் பின்னால் பட்டங்கள்தான் வரிசையாக நிற்கின்றன. இவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? அதை வைத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கலாமா?"

தேர்ந்தெடுக்கலாம் தம்பி. அந்தப் பட்டங்களுக்கு இடையில் இருக்கிற வருடங்களில் அவர் எங்கே நின்றார், யார் முன்னால் நின்றார் என்று பாருங்கள். ஒரு கல்லூரியைப் பற்றி அதைவிட அதிகம் சொல்லும் தகவலை நான் பார்த்ததில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. 1980களின் கடைசியில் சேர்வராயன் மலையில் ஒரு பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தேன். வேலையில் இருந்துகொண்டே அஞ்சல்வழியில் எம்.ஏ., பிறகு எம்.எட்., முனைவர் பட்டம் என்று படித்து, கடைசி இருபது வருடத்தை ஆசிரியர் பயிற்சியில் கழித்தேன். சமூகப்பணி என் துறை அல்ல. என் அக்கா மகள் அதில் இருக்கிறாள். எட்டு வருடம் குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் அலைந்துவிட்டு இப்போது எம்.எஸ்.டபிள்யூ. வகுப்பு எடுக்கிறாள். அந்தப் பக்கம் நான் சொல்வதில் பாதிக்கு மேல் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் பி.எட். கல்லூரியை எடுத்துக்கொள்வோம். யார் முதல்வராகலாம் என்பதை தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 ஆம் ஆண்டு ஒழுங்குமுறை வகுத்திருக்கிறது. ஒரு பாடத்தில் முதுகலைப் பட்டம், 55 சதவீதம். எம்.எட்., அதிலும் 55 சதவீதம். கல்வியியலிலோ, கல்லூரியில் கற்பிக்கும் ஒரு பாடத்திலோ முனைவர் பட்டம். அப்புறம் எட்டு வருட அனுபவம். இந்தக் கடைசி வரியை நிறுத்தி வாசிக்க வேண்டும். எட்டு வருடமும் ஆசிரியர் கல்வி நிறுவனத்தில் கற்பித்த அனுபவம். பள்ளிக்கூடத்தில் கற்பித்த அனுபவம் என்று அதில் எங்கும் இல்லை.

இதன் பொருள் என்ன? ஒருவர் பி.எஸ்சி. முடித்து பி.எட். சேர்கிறார், எம்.எஸ்சி. படிக்கிறார், எம்.எட். படிக்கிறார், நேராக ஒரு கல்வியியல் கல்லூரியில் விரிவுரையாளராகிறார், பகுதிநேரமாக முனைவர் பட்டம் வாங்குகிறார், எட்டு வருடம் ஆனதும் முதல்வராகிறார். பி.எட். படித்த காலத்தில் பயிற்சிக்காகப் பள்ளியில் இருந்த சில வாரங்களைத் தவிர, பிள்ளைகள் உள்ள வகுப்பில் அவர் நின்றதே இல்லை. விதிப்படி அவர் முழுத் தகுதி பெற்றவர். சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கத்தில் இப்படி வந்தவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். அவர்கள் சோம்பேறிகளோ போலிகளோ அல்ல. அவர்கள் ஏறிய ஏணி அப்படிப் போடப்பட்டிருக்கிறது.

அதே ஒழுங்குமுறையில் இன்னொரு இடத்தில் பள்ளி அனுபவம் கேட்கிறார்கள். ஐம்பது ஐம்பது பேராக இரண்டு பிரிவுகளில் வருடத்துக்கு நூறு பேரைச் சேர்க்கும் கல்லூரியில் முதல்வரையும் சேர்த்து 16 முழுநேர ஆசிரியர்கள் இருக்க வேண்டும். அவர்களில் அதிகம் போனால் இரண்டு இடங்களுக்கு, எம்.எட். இல்லாமல் சமூகவியல், உளவியல், தத்துவம் படித்து பி.எட். முடித்தவர்களை எடுக்கலாம். அப்படி எடுத்தால் உயர்நிலைப் பள்ளியில் மூன்று வருடம் கற்பித்திருக்க வேண்டும். எம்.எட். இல்லாதவருக்குப் பள்ளி அனுபவம் வேண்டும், எம்.எட். இருப்பவருக்கு வேண்டாம். எம்.எட். வகுப்பறைக்கு ஈடாகும் என்று யார் முடிவு செய்தார்களோ! எனக்கு இது இன்றைக்கும் உறுத்துகிறது.

பள்ளியிலிருந்து வருகிறவர்களின் பாதை வேறு. பட்டதாரி ஆசிரியர், முதுநிலை ஆசிரியர், தலைமையாசிரியர் என்று படியேறி, நடுவில் முனைவர் பட்டமும் முடித்து, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு வருவார்கள். நம் மாவட்டத்துக்கான நிறுவனம் உத்தமசோழபுரத்தில் இருக்கிறது. 1986 ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு நாடு முழுக்கத் தொடங்கியவற்றில் அதுவும் ஒன்று. நேரடித் தேர்வு எழுதி வருகிறவர்களும் அங்கே உண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு தனியார் கல்லூரிகளில் பொறுப்பேற்கும் தலைமையாசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் எட்டு வருடக் கல்லூரி அனுபவம் இல்லாததால் அவர்களில் பலர் முதல்வர் நாற்காலிக்கு வர முடியாது. 'ஆலோசகர்', 'நிர்வாக அலுவலர்' என்று ஏதாவது ஒரு பெயரில் இருப்பார்கள். அந்தப் பெயர்களையும் கவனியுங்கள். பயிற்சிக்குப் பள்ளிகளை ஏற்பாடு செய்வது பெரும்பாலும் அவர்களாகத்தான் இருக்கும்.

அருகில் அரசுக் கல்வியியல் கல்லூரி என்றால் குமாரபாளையத்தில் இருக்கிறது. அங்கே முதல்வர் பதவி உயர்விலும் இடமாறுதலிலும் வருகிறவர். நீங்கள் சேரும்போது இருப்பவர் முடிக்கும்போது இருக்க மாட்டார். அதனால் அரசுக் கல்லூரியில் முதல்வரைவிட உங்கள் பாடத்துக்கான ஆசிரியரின் பின்னணியைப் பார்ப்பது பயன்.

பின்னணிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன் என்பதை ஒரு கவனிப்பு நோட்டை வைத்துச் சொல்கிறேன்.

கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் மாணவர் பாடம் எடுக்கும்போது, கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனித்து எழுதுவார். ஒரு கல்லூரியில் நான் வேலை பார்த்தபோது எனக்கும் உடன் வேலை பார்த்த ஒருவருக்கும் ஒரே பள்ளி ஒதுக்கப்பட்டிருந்தது. என்னுடன் வந்தவர் எனக்கு மேலே இருந்தவர், நல்ல படிப்பாளி, பள்ளியில் கற்பித்ததில்லை. ஏழாம் வகுப்பில் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் பின்னங்கள் எடுத்துக்கொண்டிருந்தாள். பாதி வகுப்புக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. அவள் பாடத்துக்காக எழுதி வந்த அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பையனின் சாப்பாட்டுப் பையிலிருந்து ஆரஞ்சு ஒன்றை வாங்கி உரித்து, சுளைகளை எண்ணச் சொன்னாள். பதினொரு சுளை. 'இதில் பாதி எத்தனை?' என்று கேட்டதும் வகுப்பு முழுக்கக் கத்தியது, சண்டை போட்டது. கடைசியில் ஒரு சுளையைப் பிய்த்தார்கள். என்னுடன் வந்தவர் நோட்டில் எழுதியது: 'பாடக் குறிப்பிலிருந்து விலகல். துணைக்கருவி பயன்படுத்தப்படவில்லை. வகுப்புக் கட்டுப்பாடு குறைவு.' அந்தப் பெண்ணுக்கு அன்று மதிப்பெண் குறைந்தது. மறுநாளிலிருந்து அவள் அட்டையை விட்டு நகரவில்லை. அதை நினைத்தால் இன்னமும் மனசு கஷ்டமாக இருக்கிறது. நான் அங்கேயே வாய் திறந்திருக்க வேண்டும்.

இன்னொருவரும் என்னுடன் வேலை செய்தார். 22 வருடம் பள்ளியில் இருந்துவிட்டு வந்த அம்மா. மாணவர்கள் அவரை 'பெரிய டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய கவனிப்பு நோட்டில் பயிற்சி மாணவரைப் பற்றி அரைப் பக்கத்துக்கு மேல் இருக்காது. மீதியெல்லாம் பிள்ளைகளைப் பற்றி. ஒரு பக்கம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: 'ஜன்னல் ஓரம், மூன்றாவது வரிசை, நீல மூடிப் பேனா. மூன்று நாளாக எழுதவில்லை. கரும்பலகை தெரிகிறதா என்று கேட்டாயா?' அந்தப் பயிற்சி மாணவன் கேட்டான். தெரியவில்லை. பையனை முன்னால் உட்கார வைத்தான், பிறகு பள்ளி மூலமாகக் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்த அந்த அம்மாவின் கண் முதலில் தேடியது எழுதாத பிள்ளையை. அந்தக் கண் வகுப்பில் நின்று பழகியவர்களுக்குத்தான் வருகிறது.

தங்கையின் பி.எட்.டில் இது சின்ன விஷயம் அல்ல. இரண்டு வருடப் படிப்பில் களத்துக்கு 20 வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் வருடம் நான்கு வாரம், இரண்டாம் வருடம் பதினாறு வாரம். அந்தப் பதினாறு வாரத்தை யார் வடிவமைக்கிறார், யார் வந்து கவனிக்கிறார் என்பதுதான் படிப்பின் பாதி. பள்ளியில் நின்ற தலைவர் இருக்கிற கல்லூரியில் வழிகாட்டி ஆசிரியரோடு பேசி, மாணவருக்கு எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று முன்கூட்டியே வாங்கி வைப்பார்கள். மற்ற இடங்களில் பயிற்சி மாணவர் முதல் இரண்டு வாரம் விடைத்தாள் திருத்திக்கொண்டும், ஆசிரியர் விடுப்பெடுத்த வகுப்பில் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டும் இருப்பார். மிச்ச வாரங்களில் ரெக்கார்டு எழுதுவார். சார்ட்டை எழுதித் தரக் கடையே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மலைப் பள்ளிகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், ஒண்டிக்கடையிலிருந்து நாகலூர்ப் பக்கமோ வாழவந்திப் பக்கமோ உள்ளே போனால், வகுப்பில் பெரும்பாலும் மலையாளி பழங்குடிப் பிள்ளைகள் இருப்பார்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள், அவர்கள் பேசுவது தமிழ். நவம்பர் கடைசியிலிருந்து காப்பிப் பழம் பறிக்கும் பருவம். அப்பா அம்மா தோட்டத்துக்குப் போனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பிள்ளை வீட்டில் நிற்கும். வருகைப் பதிவு சரியும். நான் அங்கே சேர்ந்த முதல் டிசம்பரில், பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று என் பதிவேட்டில் எழுதினேன். இரண்டாவது டிசம்பரில் ஒரு பையனின் வீட்டுக்குப் போனேன். தூளியில் ஒன்று, இடுப்பில் ஒன்று, அடுப்பில் களி. பையனுக்கு வயது பதினொன்று. அதற்கப்புறம் அந்த வரியை நான் எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. இப்படி ஒரு டிசம்பரைப் பார்த்தவர் துறைத்தலைவராக இருந்தால், பயிற்சி மாணவரின் குறிப்பில் 'மாணவர்களுக்கு ஆர்வமில்லை' என்ற வரியை விட்டுவைக்க மாட்டார்.

இனி உங்கள் எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு வருகிறேன். இங்கே நிலைமை இன்னும் யோசிக்க வைக்கிறது.

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வியைத் தொடங்கியவர்கள் யாரும் வகுப்பறையிலிருந்து வந்தவர்கள் அல்ல. 1936 இல் பம்பாயில் தொடங்கிய சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளிதான் இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். அதன் முதல் இயக்குநர் கிளிஃபோர்டு மான்ஷார்ட். பம்பாயில் நெரிசலான தொழிலாளர் பகுதியான நாக்பாடாவில் மக்கள் மையம் ஒன்றை அதற்கு முன் பத்து வருடம்போல நடத்தியவர். சென்னையில் 1952 இல் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கிய மேரி கிளப்வாலா ஜாதவ், சேவை மன்றம் என்ற தொண்டு அமைப்பிலும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களுக்கான உபசரிப்புப் பணியிலும் கைபழகியவர். வேலை செய்தார்கள், ஆட்கள் போதவில்லை, அதனால் ஆட்களை உருவாக்கப் பள்ளி தொடங்கினார்கள். வரிசை அப்படி இருந்தது.

இன்றைக்கு வரிசை மாறிவிட்டது. எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் அல்லது செட் தேர்வில் தேறி, முனைவர் பட்டம் வாங்கித் துறைத்தலைவராகிவிடலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் இணைப் பேராசிரியருக்கு எட்டு வருட அனுபவம், ஏழு கட்டுரைகள் என்றும், பேராசிரியருக்குப் பத்து வருடம், பத்துக் கட்டுரைகள் என்றும் கேட்கின்றன. கல்லூரி முதல்வருக்குப் பதினைந்து வருடம். இது எல்லாமே கற்பித்தல், ஆராய்ச்சி, நிர்வாகக் கணக்கு. ஒரு குடும்பத்தோடு, ஒரு வார்டில், ஒரு கிராமத்தில் வேலை செய்த வருடம் அதில் தனியாக எண்ணப்படுவதில்லை.

அண்ணன் இருக்கிற நாட்டில் இதை வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள். அங்கே சமூகப்பணிக் கல்விக்கு அங்கீகாரம் தரும் குழு, சமூகப்பணி நடைமுறை சொல்லித்தரும் ஆசிரியருக்குச் சமூகப்பணிப் பட்டத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடக் கள வேலை இருக்க வேண்டும் என்கிறது. அதனால்தான் குறிப்பின் முதல் வரியிலேயே மருத்துவமனை, பள்ளி என்று போடுகிறார்கள். அவர்கள் பெருமைக்காகப் போடுவது கொஞ்சம், தகுதியைக் காட்டப் போடுவது நிறைய.

நம் நாட்டுச் சட்டத்திலேயே இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது, வேறு இடத்தில். 2015 ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டந்தோறும் அமையும் குழந்தைகள் நலக் குழுவில் ஒருவர் உறுப்பினராக வேண்டுமானால், குழந்தை உளவியல், சட்டம், சமூகப்பணி போன்ற ஒன்றில் பட்டம் பெற்று, குழந்தைகளின் உடல்நலம், கல்வி, நலன் சார்ந்த வேலையில் ஏழு வருடம் ஈடுபட்டிருக்க வேண்டும்; இல்லையென்றால் அப்படி ஒரு பட்டத்தோடு தொழில் செய்துகொண்டிருப்பவராக இருக்க வேண்டும். ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை முடிவு செய்கிறவருக்கு இவ்வளவு கேட்கிறோம். அந்தக் குழுவின் முன் அறிக்கை எழுதிக்கொண்டு போய் நிற்கப்போகும் சமூகப்பணியாளரை உருவாக்குகிற துறைத்தலைவருக்கு எதுவும் கேட்பதில்லை.

சேலத்துக்கு இந்தத் துறையில் சொல்லிக்கொள்ள ஒரு கனமான வரலாறு இருக்கிறது. தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992 இல் தமிழ்நாடு அரசு தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். பெண் சிசுவைக் கொல்வது இங்கே எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அந்த வருடங்களில் வீடு வீடாகப் போய், கர்ப்பிணிகளின் பக்கத்தில் உட்கார்ந்து, மாமியார்களிடம் ஏச்சு வாங்கி வேலை செய்தவர்களில் சிலர் பிறகு பாடம் எடுக்க வந்தார்கள். அவர்கள் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அந்தத் தலைமுறை இப்போது ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது.

களத்தில் இருந்த தலைவர் எப்படிக் கேள்வி கேட்பார் என்பதற்கு அக்கா மகள் சொன்ன ஒன்றைத் தருகிறேன். எம்.எஸ்.டபிள்யூ.வில் வாரத்துக்கு இரண்டு நாள் களப்பணி இருக்கும், வாராவாரம் ரிப்போர்ட் எழுதி ஆசிரியரோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். மலையில் ஒரு சிற்றூருக்குப் போய்வந்த மாணவன், 'சமூகம் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருந்தான். துறைத்தலைவர் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"எத்தனை மணிக்குப் போன?"

"பதினொரு மணிக்கு மேடம்."

"யார் இருந்தாங்க?"

"வயசானவங்க ரெண்டு பேர். ஒரு குழந்தை."

"மத்தவங்க?"

"தெரியல மேடம்."

"தோட்டத்துல கூலிக்குப் போயிருப்பாங்க. ஆறு மணிக்கு மேல போ. அடுப்பு பத்த வைக்கிற நேரத்துல போகாத, அதுக்கு அப்புறம் போ. நோட்டு எடுக்காத. முதல் நாள் உட்கார்ந்துட்டு மட்டும் வா."

அவன் போனான். கடைசிப் பேருந்து போய்விட்டது, அங்கேயே ஒரு வீட்டில் தங்கினான். அதற்கப்புறம் அந்த ஊரில் அவனுக்குக் கதவு திறந்துகொண்டது. 'சமூகம் ஒத்துழைக்கவில்லை' என்ற வரிக்கு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த ரிப்போர்ட்டைப் புரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு பதினொரு மணி என்பதில் எதுவும் தெரியாது.

எம்.எஸ்.டபிள்யூ.வில் மனிதவளம் எடுக்கப்போகிறீர்கள் என்றால் பார்வை கொஞ்சம் மாறும். 1948 ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்று வைத்ததிலிருந்து இந்தப் படிப்புக்கும் தொழிற்சாலைக்கும் உறவு. சேலம் உருக்காலை போன்ற இடங்களில் பணியாளர் துறையில் இருந்துவிட்டுக் கற்பிக்க வந்தவர் இருந்தால், சட்டப் பிரிவை மட்டும் சொல்லாமல் ஒரு பேச்சுவார்த்தை எப்படி நடக்கும் என்றும் சொல்வார். மருத்துவ, மனநலச் சமூகப்பணி என்றால் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் வார்டுகளில் நின்று பழகியவரா என்று கேளுங்கள். சிறப்புக் கல்விக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு கட்டாயம், அதனால் அங்கே பின்னணி தெரியாமல் போக வழியில்லை.

இவ்வளவு சொன்னதால் களத்தில் இருந்தவரெல்லாம் நல்ல தலைவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைமையாசிரியராக இருந்து வந்த ஒருவர் கல்வியியல் கல்லூரியை உயர்நிலைப் பள்ளி மாதிரி நடத்தியதைப் பார்த்திருக்கிறேன். காலை வழிபாட்டுக்குத் தாமதமாக வந்த எம்.எட். மாணவியை வெளியே நிற்க வைத்தார். 'எங்க காலத்துல' என்று ஆரம்பித்தால் மணி அடிக்கும் வரை அதேதான். புதிதாக எதையும் வாசிக்க மாட்டார், ஆய்வேட்டை வழிநடத்தத் தெரியாது. இருபது வருட அனுபவம் என்கிறோம், சிலருக்கு அது ஒரே வருடத்தை இருபது தடவை வாழ்ந்ததாக இருக்கும்.

மறுபக்கமும் உண்டு. 1964 முதல் 1966 வரை இயங்கிய கல்விக் குழுவின் தலைவர் டி.எஸ். கோத்தாரி இயற்பியலாளர். பள்ளிக் கல்வி அவர் தொழில் அல்ல. ஆனால் உறுப்பினர் செயலராக ஜே.பி. நாயக்கைப் பக்கத்தில் வைத்திருந்தார். நாயக் கர்நாடகத்தின் தார்வாட் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தங்கி வேலை செய்து, பள்ளி நிர்வாகத்தின் அடிமட்டம் வரை தெரிந்தவர். தனக்கு எது தெரியாதோ அதைத் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளும் தலைவர், களத்தில் நின்றவருக்குக் குறைந்தவர் அல்ல. பள்ளி அனுபவமே இல்லாத ஒரு முதல்வர், வாரத்துக்கு ஒரு நாள் பக்கத்து நகராட்சிப் பள்ளிக்குப் போய் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். அவரிடம் படித்தவர்கள் நன்றாக வந்தார்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே பெரிய எடுத்துக்காட்டு நெ.து. சுந்தரவடிவேலு. பள்ளி ஆய்வாளராகக் கல்வித் துறைக்குள் வந்தவர். 1954 இல் பொதுக்கல்வி இயக்குநரானார். காமராசர் ஆட்சியின் மதிய உணவுத் திட்டத்திலும், ஊர் மக்களே பள்ளிக்குப் பொருள் கொடுக்கும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் அவர் கை இருந்தது. 1969 இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். கல்லூரிப் பேராசிரியராகப் படியேறாதவர் அந்த நாற்காலிக்கு வந்தார். ஊர் ஊராகப் பள்ளிகளைப் பார்வையிட்டவருக்குப் பிள்ளை ஏன் மதியத்துக்கு மேல் வகுப்பில் இல்லை என்பது அறிக்கையைப் படிக்காமலே தெரிந்திருக்கும்.

அந்தக் கதவு இப்போது ஓரளவு திறந்திருக்கிறது. 2022 இல் மானியக் குழு 'நடைமுறைப் பேராசிரியர்' என்ற இடத்தைக் கொண்டுவந்தது. தொழிலில் பதினைந்து வருடம் இருந்தவரைப் பட்டம் கேட்காமல் எடுக்கலாம், மொத்தப் பணியிடங்களில் பத்து சதவீதம் வரை, அதிகபட்சம் நான்கு வருடம். ஓய்வு பெற்ற ஒரு நன்னடத்தை அலுவலரை இப்படி அழைக்கலாம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியரை அழைக்க முடியாது, ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இந்த இடம் கிடையாது. சேலத்தில் சமூகப்பணிக்காவது இதை யாராவது முழு மனதோடு பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை.

சரி, நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? கல்வியியல் கல்லூரி தன் இணையதளத்தில் ஆசிரியர்களின் பெயர், தகுதி, படம் எல்லாவற்றையும் போட வேண்டும் என்பது விதி. அதில் பட்டம் பெற்ற வருடங்களையும் வேலையில் சேர்ந்த வருடத்தையும் பாருங்கள். பி.எட்., எம்.எட்., கல்லூரி வேலை எல்லாம் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து வந்திருந்தால், நடுவில் பள்ளி இல்லை. எம்.ஏ.வை அஞ்சல்வழியில் படித்திருந்தால் முகம் சுளிக்காதீர்கள். பெரும்பாலும் அவர் அப்போது எங்கோ ஒரு பள்ளியில் வேலை செய்துகொண்டிருந்தார் என்றுதான் அர்த்தம்.

முனைவர் பட்ட ஆய்வேட்டையும் தேடுங்கள். 'சோத்கங்கா' தளத்தில் ஏராளமான ஆய்வேடுகள் முழுதாக இருக்கின்றன. தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாமல், தரவு எப்படித் திரட்டினார் என்ற அத்தியாயத்தைத் திறங்கள். பள்ளி பள்ளியாக வினாப்படிவம் கொடுத்து வாங்கி, 'மனப்பான்மை', 'ஈடுபாடு' என்று அட்டவணை போட்டது ஒரு வகை. ஆறு மாதம் ஒரு வகுப்பில் உட்கார்ந்து எழுதியது இன்னொரு வகை. இரண்டாவது வகை கிடைத்தால் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் பட்டியலில் பெயர் இருக்கும், ஆளை மாணவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் தளத்தைப் பார்த்ததோடு நிற்காமல் நேரில் போங்கள். அலுவலகத்தில் கட்டணம் பேசுவதற்கு முன்பு, வெளியே டீக்கடையில் நிற்கிற இரண்டாம் வருட மாணவர்களிடம் பேசுங்கள். தங்கை கேட்க வேண்டியது: பயிற்சிக்காலத்தில் கல்லூரியிலிருந்து யார் வந்தார், எத்தனை தடவை வந்தார், வந்தவர் பாடம் முழுவதும் உட்கார்ந்தாரா, தலைமையாசிரியர் அறையில் காப்பி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாரா? நீங்கள் கேட்க வேண்டியது: போன வாரக் களப்பணி ரிப்போர்ட்டைப் பற்றி ஆசிரியர் உங்களிடம் என்ன கேட்டார்? பதில் உடனே வந்தால் நல்லது. 'ரிப்போர்ட்டை வைத்துவிட்டு வந்துவிடுவோம்' என்றால் அடுத்த கல்லூரிக்குப் பேருந்து ஏறுங்கள்.

பிறகு முதல்வரையோ துறைத்தலைவரையோ பார்க்க முடிந்தால், மரியாதையாக ஒன்று கேளுங்கள்: "ஐயா, நீங்க முதன்முதலா வேலை பார்த்த இடம் எது?" அம்மாவாக இருந்தால் அம்மா என்று கேளுங்கள். களத்திலிருந்து வந்தவர்கள் இந்தக் கேள்விக்கு நாற்காலியில் கொஞ்சம் முன்னால் வருவார்கள். பள்ளியின் பெயர், வகுப்பு, ஒரு பிள்ளையின் பெயர் வரை சொல்வார்கள். நேரம் போவது தெரியாது.

தங்கைக்குப் பயிற்சிக்கு மலைப் பள்ளி கேட்டால் கிடைக்கும், யாரும் அதிகம் கேட்பதில்லை. டிசம்பரில் போனால் கம்பளி வேண்டும். எந்த ஊர் என்று முடிவானதும் எழுதுங்கள், பேருந்து நேரத்தையும் அங்கே தங்க யாரைக் கேட்கலாம் என்பதையும் சொல்கிறேன்.